வாசகர் கேள்வி – பதில்: புல்தரை ஸ்பிரிங்க்ளர் பழுதும் பராமரிப்பும்

வெயில் ஏறத் தொடங்கியதும் இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பகுதி புல்தரை ஸ்பிரிங்க்ளர் பற்றியவை. பல கடிதங்களில் ஒரே வரி திரும்ப வருகிறது: "ஹெட்டை மாற்றிப் பார்த்தோம், சரியாகவில்லை." ஹெட், அதாவது தண்ணீரை விசிறும் தலைப்பகுதி, தானாகக் கெடுவது குறைவு. பிரஷர் போதாமல் இருக்கும், மணல் புகுந்திருக்கும், உப்பு படிந்திருக்கும், அல்லது ஒயர் இணைப்பு மண்ணுக்குள் அரித்திருக்கும். அதனால் எந்தச் சாமானை மாற்றுவது என்பதற்கு முன்னால் எதை அளந்து பார்ப்பது என்பதையே பதில்களில் சொல்லியிருக்கிறோம். அரை இஞ்ச் மரை உள்ள ஒரு பிரஷர் கேஜ், ஒரு பக்கெட், ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் போதும்.

கேள்வி: வீட்டு முன்புறம் 15 அடிக்கு 30 அடி கொரியன் புல் வளர்க்கிறோம். தண்ணீர் வந்தால் மண்ணுக்குள்ளிருந்து எழும்பும் பாப்-அப் ஹெட் ஆறு இருக்கின்றன. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து நேராக ஒரு இஞ்ச் குழாய் வருகிறது. ஹெட் பாதிதான் எழும்புகிறது. தண்ணீர் கழுத்தைச் சுற்றி வழிந்து அங்கேயே தேங்குகிறது. பிளம்பர் இரண்டு முறை ஹெட்டை மாற்றிவிட்டார். இன்னும் பெரிய தொட்டி வைத்தால் சரியாகுமா?
— அழகாபுரம் வாசகி

பதில்: ஆகாது அம்மா. 500 லிட்டர் தொட்டியோ 2,000 லிட்டர் தொட்டியோ, பிரஷரைத் தருவது அதன் கொள்ளளவு அல்ல, உயரம்தான். 10 மீட்டர் உயரத்துக்கு 1 கிலோ பிரஷர் (ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ) என்பது கணக்கு. ஒரு மாடி வீட்டில் தொட்டியின் நீர்மட்டம் தரையிலிருந்து ஏறக்குறைய 7 மீட்டர் உயரத்தில் இருக்கும். அப்படியானால் தண்ணீர் ஓடாமல் நிற்கும்போதே 0.7 கிலோதான். ஓடத் தொடங்கியதும் குழாயிலும் எல்போக்களிலும் இன்னும் கொஞ்சம் குறையும். பாப்-அப் ஸ்பிரே ஹெட் சரியாக விசிற, ஹெட்டின் அடியில் 2 கிலோ வேண்டும். அது கிடைக்காவிட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை வென்று தண்டு முழுதாக மேலே வராது. தண்டு மேலே வந்து கழுத்து வாஷரில் அழுந்தி உட்கார்ந்தால்தான் கசிவு நிற்கும். நீங்கள் பார்க்கும் வழிசல் அதனால் வருவதுதான். ஹெட்டில் குறை இல்லை.

கேஜை ஒரு ஹெட் இருக்கும் இடத்தில் மாட்டி, மற்ற ஐந்தையும் ஓடவிட்டு அளந்து பாருங்கள். எல்லாவற்றையும் மூடிவைத்து அளந்தால் ஓட்டத்தில் இறங்கும் பிரஷர் தெரியாது.

அடுத்தது தண்ணீரின் அளவு. 15 அடி வீச்சு நாசிலில் (ஹெட்டின் நுனியில் தண்ணீரை விசிறும் முனை), 2 கிலோ பிரஷரில், கால் வட்டம் அடிக்கும் ஹெட் நிமிடத்துக்கு 3.5 லிட்டர் எடுக்கும். அரை வட்டம் 7 லிட்டர், முழு வட்டம் 14 லிட்டர். உங்கள் தரையில் நான்கு மூலையிலும் கால் வட்டம், நீளப் பக்கங்களின் நடுவில் இரண்டு அரை வட்டம். மொத்தம் 28 லிட்டர். ஆகவே கடையில் "அரை எச்பி மோட்டார் கொடுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். மோட்டாரின் பெயர்ப்பலகையிலோ அட்டவணையிலோ 25 மீட்டர் உயரத்துக்கு (பலகையில் இதையும் 'ஹெட்' என்றே போட்டிருப்பார்கள்) நிமிடத்துக்கு 30 லிட்டர் தருமா என்று பாருங்கள். உங்களுக்குத் தொட்டியின் 7 மீட்டரும் சேர்ந்து கிடைப்பதால் ஃபில்டரிலும் குழாயிலும் இழப்பது போக 2 கிலோ நிற்கும். ஒரே எச்பி போட்டிருந்தாலும், அதிக தண்ணீரைக் குறைந்த உயரத்துக்குத் தள்ளும் மோட்டார்கள் உண்டு. அவை இந்த வேலைக்கு உதவாது.

மோட்டாரைத் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் கீழே பொருத்துங்கள். மாநகராட்சிக் குடிநீர்க் குழாயில் நேராக மாட்டி உறிஞ்சுவது விதிமீறல். பக்கத்து வீட்டுக்கு வரும் தண்ணீரும் நின்றுபோகும். டைமர் வைத்து ஓட்டுவதானால், டைமரிலிருந்து வரும் 24 வோல்ட் ஒரு ரிலேயை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) இயக்கி, அந்த ரிலேதான் மோட்டாரை ஓட்ட வேண்டும். டைமரை மோட்டாருக்கு நேராக இணைத்தால் டைமர் கருகிவிடும். எல்லா வால்வும் மூடியிருக்கும்போது மோட்டார் மட்டும் ஓடினால் உள்ளே இருக்கும் தண்ணீர் சூடேறி சீல் உருகும். அதற்காகத் தொட்டிக்கே திரும்பும் ஒரு பைபாஸ் குழாயில் பிரஷர் ரிலீஃப் வால்வு போட்டுவிடுங்கள்.

மோட்டார் வேண்டாம் என்றால் பாப்-அப்பை மறந்துவிட வேண்டியதுதான். ஆறு ஹெட்டை மூன்று மூன்றாகப் பிரித்து ஓட்டலாமே என்று சிலர் சொல்வார்கள். நின்ற நிலையிலேயே 0.7 கிலோ இருக்கும் இடத்தில் அதனால் பயன் இல்லை.

கேள்வி: டைமர் நேரம் முடிந்து அணைந்துவிடுகிறது. ஆனால் ஒரு வரிசையில் மட்டும் தண்ணீர் நிற்காமல் ஓடுகிறது. வால்வையே மாற்ற வேண்டுமா? 1,500 ரூபாய்க்கு மேல் சொல்கிறார்கள்.
— சூரமங்கலம் வாசகர்

பதில்: பத்தில் ஒன்பது முறை மாற்ற வேண்டியிருக்காது. கழற்றிக் கழுவினாலே போதும். முதலில் டைமரின் பிளக்கைப் பிடுங்குங்கள். தண்ணீர் அப்போதும் ஓடினால் குறை வால்வில்தான், டைமரில் இல்லை. வால்வின் மேல் உள்ள சிறிய பிளீடு ஸ்குரூ (வால்வைக் கையால் திறக்க உதவும் திருகு) யாராவது திறந்து விட்டபடி இருக்கிறதா என்று பாருங்கள். சோலனாய்டு காயிலையும் (மின்சாரம் வந்தால் வால்வைத் திறக்கும் கம்பிச்சுருள்) கையால் வலப்பக்கம் திருகிப் பாருங்கள். தளர்ந்திருந்தால் அதுவே காரணம். பிளேயர் போட்டு இறுக்காதீர்கள், மரை போய்விடும்.

இவை சரியாக இருந்தால் வால்வைத் திறக்க வேண்டியதுதான். அது எப்படி மூடுகிறது என்று தெரிந்தால் எங்கே பார்ப்பது என்பது தானாக விளங்கும். வால்வுக்குள் ரப்பர் டயாஃப்ரம் ஒன்று இருக்கிறது. வரும் தண்ணீரில் கொஞ்சம், ஒரு குண்டூசித் துளை வழியாக டயாஃப்ரத்துக்கு மேலே உள்ள அறைக்குப் போய் நிரம்புகிறது. மேலே பரப்பு அதிகம், ஸ்பிரிங்கும் இருக்கிறது. அதனால் டயாஃப்ரம் கீழே அழுந்தி மூடிக்கொள்கிறது. மின்சாரம் வந்தால் சோலனாய்டின் முளை மேலே எழும்பி, மேல் அறைத் தண்ணீர் வெளியேற வேறொரு சிறிய வழியைத் திறக்கிறது. மேல் அழுத்தம் குறைந்ததும் டயாஃப்ரம் தூக்கிக்கொள்கிறது. ஆகவே வால்வு மூடவில்லை என்றால் மேல் அறை நிரம்பும் துளை அடைத்திருக்கும், அல்லது டயாஃப்ரம் உட்காரும் விளிம்பில் ஏதாவது சிக்கியிருக்கும், அல்லது ரப்பர் கிழிந்திருக்கும். திறக்கவே இல்லை என்றால் வெளியேறும் வழி அடைத்திருக்கும், அல்லது காயில் போயிருக்கும்.

வேலை இதுதான். மெயின் பால் வால்வை மூடுங்கள். பிளீடு ஸ்குரூவைத் திறந்து மிச்ச அழுத்தத்தை விடுங்கள். வால்வுப் பெட்டியில் தண்ணீர் தேங்கியிருந்தால் கப்பால் இறைத்துவிடுங்கள். சேற்றுத் தண்ணீர் உள்ளே புகுந்தால் பழையபடி அடைக்கும். மூடியில் நான்கு முதல் ஆறு ஸ்குரூ இருக்கும். எல்லாவற்றையும் கழற்றிய பிறகு மூடியை நேர்மேலாகத் தூக்குங்கள். சாய்த்தால் ஸ்பிரிங் தெறித்துப் புல்லில் விழும். டயாஃப்ரத்தை எடுக்கும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் துளை இருந்ததோ அதே பக்கம் திரும்ப வர வேண்டும்.

ரப்பரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். முடி அளவு விரிசல் இருந்தாலும் தெரியும். துளையில் சேலத்துச் செம்மண்ணின் நைஸான துகள் பசைபோலப் படிந்திருக்கும். அதை ஊசியால் குத்தாதீர்கள். துளை பெரிதானால் வால்வு சரியாக வேலை செய்யாது. பழைய பல்துலக்கியின் ஒரு நைலான் இழையும், வேகமான குழாய்த் தண்ணீரும் போதும். பிறகு வால்வின் உள்விளிம்பை விரலால் சுற்றித் தடவுங்கள். ஒரு மணல் பருக்கை உட்கார்ந்திருந்தால் விரலுக்குத் தட்டும். வால்வைப் பொருத்திய நாளில் உள்ளே போன பிவிசி பிசிறும் டெஃப்லான் துணுக்கும்கூட அங்கே ஒட்டிக்கொண்டிருப்பதுண்டு. விளிம்பிலேயே கீறல் விழுந்திருந்தால் மட்டும் முழு வால்வையும் மாற்றுங்கள். டயாஃப்ரம் கிழிந்திருந்தால் அதே மாடலுக்கு டயாஃப்ரம் மட்டும் தனியாகக் கிடைக்கும்.

மூடும் முன் பால் வால்வைப் பாதி திறந்து, இரண்டு மூன்று நொடி தண்ணீரை வெளியே பீறிட விட்டு அலசுங்கள். பின்பு ஸ்குரூக்களை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஒரு பக்கத்தை முதலில் இறுக்கினால் மறுபக்கம் ரப்பர் மடங்கிக் கசியும்.

இன்னொன்று. இந்த வகை வால்வு மூடுவதற்கே தண்ணீரின் அழுத்தம் வேண்டும். 1 கிலோவுக்குக் கீழே, மேல்தொட்டி இறக்கத்தில் மட்டும் ஓட்டினால் புது வால்வும் சரியாக மூடாது. வால்வு மேல் உள்ள அம்புக்குறி தண்ணீர் போகும் திசையில் இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தலைகீழாக மாட்டினாலும் நிற்காமல் ஓடும்.

கேள்வி: போர்த் தண்ணீர். மூன்றே மாதத்தில் நாசிலில் வெள்ளையாகப் படிந்து ஒரு பக்கம் மட்டும் அடிக்கிறது. ஆசிட் ஊற்றிக் கழுவலாமா? சாஃப்ட்னர் வைத்துவிட்டால்?
— மாமாங்கம் வாசகர்

பதில்: வெள்ளைக்கல் சுரங்கம் இருக்கும் பக்கம் அல்லவா? கால்சியமும் மெக்னீசியமும் கலந்த தண்ணீர் இது. ஓடும்போது ஒன்றும் ஆகாது. அணைத்த பிறகு நாசில் நுனியில் நிற்கும் சொட்டு வெயிலில் காய்ந்து உப்பாகிறது. அது அடுத்த முறை தண்ணீரின் திசையைத் திருப்புகிறது.

கக்கூஸ் கழுவும் ஆசிட் வேண்டாம். ஸ்பிரிங்கையும் பித்தளையையும் தின்றுவிடும். பிளீச்சிங் பவுடரோடு தப்பித் தவறிக் கலந்தால் விஷ வாயு வரும். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 கிராம். நாசிலையும் அதன் அடியில் இருக்கும் கூடை போன்ற சிறு சல்லடையையும் கழற்றி இரண்டு மூன்று மணி நேரம் ஊறவைத்து, பிரஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். நுரைத்துக்கொண்டே இருந்தால் இன்னும் கரைகிறது என்று பொருள். ஊசி, கம்பி வைத்துக் குத்தக் கூடாது. நாசிலின் பிளவு மிக நுட்பமாக வெட்டப்பட்டது. ஒரு கீறல் விழுந்தால் அந்தக் கோணத்தில் எப்போதும் ஒரு கோடு வறண்டிருக்கும்.

கழற்றும்போது தண்டு உள்ளே போய்விடாமல் கிளிப் போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். நாசில் வெளியே இருக்கும்போது அந்த வரிசையை ஒரு நிமிடம் ஓடவிட்டால் குழாயில் தங்கிய மணலும் வெளியேறும். வரிசையின் கடைசி ஹெட்டில்தான் அதிகம் சேரும், அதை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிடுங்கள்.

போர்த் தண்ணீருக்கு வால்வுகளுக்கு முன்னால் 120 மெஷ் (ஓர் இஞ்சுக்கு 120 கண் உள்ள சல்லடை) ஃபில்டர் கட்டாயம் வேண்டும். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு கேஜ் மாட்டி, சுத்தமாக இருக்கும்போது என்ன வித்தியாசம் என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அதைவிட 0.5 கிலோ கூடினால் கழுவ வேண்டிய நாள் வந்துவிட்டது. தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து வைத்தால் அடியில் மணல் படிகிறது என்றால் ஃபில்டர் மட்டும் சமாளிக்காது. அதற்கு முன் மணல் பிரிப்பான் ஒன்று வேண்டும். ஃபில்டர் சல்லடையையும் அதே எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைக்கலாம்.

சாஃப்ட்னர் தண்ணீரைப் புல்லுக்கு விடாதீர்கள். அது கால்சியத்தை எடுத்துவிட்டு அதன் இடத்தில் சோடியத்தைக் கொடுக்கிறது. நாளடைவில் மண் இறுகித் தண்ணீர் இறங்காது. ஆர்ஓவில் கழியும் தண்ணீரும் அப்படித்தான். வாசல் கழுவ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. மேலிருந்து கீழே சுமார் 8 மீட்டர் இறக்கம். ஒரே வால்வில் பத்து ஹெட். அணைத்த பிறகும் கடைசி ஹெட்டில் கால் மணி நேரம் தண்ணீர் வந்து சேறாகிவிடுகிறது. ஓடும்போது கீழே இருப்பவை புகைபோல அடிக்கின்றன, மேலே இருப்பவை விசிறுவதே இல்லை.
— நாகலூர், ஏற்காடு வாசகர்

பதில்: மூன்று குறையும் ஒரே காரணத்திலிருந்து, அதாவது அந்த உயர வித்தியாசத்திலிருந்து, வருகின்றன. மேலே இருக்கும் குழாயில் நிற்கும் தண்ணீர் முழுதும், அணைத்ததும் தாழ்ந்த ஹெட் வழியாக வடிகிறது. கால் மணி நேரத்தில் நின்றுவிடுவதால் வால்வு நன்றாகவே இருக்கிறது. விடியவிடியச் சொட்டினால்தான் வால்வைச் சந்தேகப்பட வேண்டும். ஒவ்வொரு முறையும் குழாய் காலியாவதால் அடுத்த தடவை திறக்கும்போது காற்று முட்டித் தள்ளி ஹெட்கள் சடசடவென்று உதறும். அந்த அதிர்ச்சியில் எல்போ இணைப்பு விடுவதும் உண்டு.

அடித் தண்டில் செக் வால்வு (அணைத்த பின் தண்ணீர் வடியாமல் தடுப்பது) உள்ள ஹெட் கிடைக்கிறது. சாதாரணமாக 2 முதல் 3 மீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்கிப் பிடிக்கும். உங்களுக்கு 8 மீட்டர் இருப்பதால் அது மட்டும் போதாது. பத்து ஹெட்டையும் சரிவுக்குக் குறுக்காக, ஒரே மட்டத்தில் இருப்பவை ஒன்றாக வரும்படி மூன்று வரிசையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு வையுங்கள். குழாயும் சரிவுக்குக் குறுக்கே போகட்டும். அப்போது ஒரு வரிசைக்குள் உயர வித்தியாசம் 3 மீட்டருக்குள் நிற்கும். செக் வால்வு ஹெட்டும் வேலை செய்யும்.

பிரஷருக்கும் அதே கணக்குதான். 8 மீட்டர் இறக்கத்தில் 0.8 கிலோ வித்தியாசம். கீழே 3 கிலோவுக்கு மேல் போனால் துளி உடைந்து பனிமூட்டம்போல் ஆகும். ஏற்காட்டுக் காற்றில் அதில் பாதி பக்கத்துக் காப்பிச் செடிக்குப் போய்விடும். கீழ் வரிசைக்கு 2 கிலோவில் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் உள்ள ஹெட் வாங்குங்கள். வால்வில் உள்ள ஓட்டக் குமிழை ஓரளவு மூடியும் சமாளிக்கலாம், ஆனால் மோட்டார் பிரஷர் மாறும்போதெல்லாம் அது மாறும்.

தண்ணீரையும் ஒரேயடியாக விடாதீர்கள். ஸ்பிரே ஹெட் மணிக்கு 40 மில்லிமீட்டர் மழைக்குச் சமமாகக் கொட்டுகிறது. சரிவு மண் அவ்வளவு வேகமாகக் குடிக்காது. 12 நிமிடம் வேண்டும் என்றால் 4 நிமிடமாக மூன்று முறை, இடையில் அரை மணி நேரம் விட்டு ஓட்டுங்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய 1,500 மில்லிமீட்டர் மழை பெறும் மலை இது. ஸ்பிரிங்க்ளரின் உண்மையான தேவை தை முதல் சித்திரை வரைதான். மற்ற மாதங்களில் தேவையில்லாமல் ஓடாமலிருக்க மழை சென்சார் ஒன்றை மாட்டிவிடுங்கள். மழையில் அதன் உள்ளே இருக்கும் தக்கை வில்லைகள் ஊதி, வால்வுக்குப் போகும் மின்சுற்றைத் துண்டிக்கும்; காய்ந்ததும் தானாகச் சேரும். மரத்தடியிலோ கூரை ஓரத்திலோ வைத்தால் பயன் இல்லை.

கேள்வி: பனிக்காலத்துக்கு முன் கம்ப்ரசர் வைத்துக் குழாயைக் காலி செய்ய வேண்டும் என்று வீடியோக்களில் சொல்கிறார்களே, ஏற்காட்டிலும் செய்ய வேண்டுமா?
— மஞ்சக்குட்டை வாசகி

பதில்: வேண்டாம். அது குழாய் புதைந்த மண்ணே உறையும் நாடுகளுக்கு. 1,500 மீட்டர் உயரமானாலும் ஏற்காட்டில் மண்ணுக்குள் தண்ணீர் உறைவதில்லை. கம்ப்ரசர் காற்றைத் தெரியாமல் அதிகம் ஏற்றினால் இருக்கும் ஹெட்டும் உடையும்.

கேள்வி: நான்கு வரிசையில் மூன்றாவது மட்டும் திறப்பதே இல்லை. டைமரில் அந்த எண் எரிகிறது. எலக்ட்ரீஷியன் டைமர் போய்விட்டது என்கிறார்.
— ஃபேர்லேண்ட்ஸ் வாசகர்

பதில்: மூன்று வரிசை நன்றாக ஓடும்போது டைமரை மாற்ற அவசரப்படாதீர்கள். வால்வின் பிளீடு ஸ்குரூவைக் கையால் திறந்து பாருங்கள். அந்த வரிசை ஓடினால் தண்ணீர்ப் பக்கம் சரி, குறை மின்சாரத்தில்.

அடுத்து டைமரின் உள்ளே, 3 என்ற முனையில் இருக்கும் ஒயரையும் 2-இல் இருக்கும் ஒயரையும் இடம் மாற்றுங்கள். இப்போது 3-ஐ ஓட்டும்போது இரண்டாவது வரிசை திறந்தால் டைமர் நலமாக இருக்கிறது. மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் 230 வோல்ட் இருக்கும். அதில் கை வைக்கவே வேண்டாம்.

மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, 3 ஓடும்போது அந்த முனைக்கும் எல்லா வால்வுக்கும் பொதுவான 'காமன்' முனைக்கும் நடுவே 24 முதல் 28 வோல்ட் வருகிறதா பாருங்கள். பிறகு அணைத்து, 3-ஆம் வரிசைக்குப் போகும் ஒயரைக் கழற்றி, அதற்கும் காமன் ஒயருக்கும் நடுவே ஓம் அளவெடுங்கள். 20 முதல் 60 ஓம் வந்தால் காயிலும் ஒயரும் நன்று. எண்ணே காட்டாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது. 10 ஓமுக்கும் கீழே என்றால் காயில் எரிந்து ஷார்ட் ஆகியிருக்கிறது. டைமரின் ஃபியூஸ் அடிக்கடி போவதும் அதனால்தான். வால்வுப் பெட்டிக்குப் போய் காயிலின் இரண்டு ஒயரையும் பிரித்து அங்கேயே அளந்தால், குறை காயிலிலா வழியிலா என்பது முடிவாகும்.

பெரும்பாலும் அந்தப் பெட்டியிலேயே விடை கிடைக்கும். ஒயரை முறுக்கிக் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருப்பார்கள். ஈரத்தில் பசை விட்டு, செம்பு பச்சை பூத்து, தொட்டாலே பொடியாக உதிரும். பளபளவென்று செம்பு தெரியும் வரை ஒயரை வெட்டி, ஜெல் நிரப்பிய தண்ணீர் புகாத கனெக்டர் போடுங்கள். அடுத்த முறை வெட்டி இணைக்க இடம் இருக்கும்படி ஒரு முழம் ஒயரைச் சுருட்டிப் பெட்டிக்குள் விட்டு வையுங்கள். காயிலின் இரண்டு ஒயரில் எதை எதில் சேர்த்தாலும் பரவாயில்லை, இது ஏசி. எலி கடித்த ஒயரானால், புது ஒயரைக் கால் இஞ்ச் டியூபுக்குள் விடாமல் முக்கால் இஞ்ச் பிவிசி குழாய்க்குள் விடுங்கள்.

நான்கு வரிசையும் ஒன்றாக நின்றால் காமன் ஒயர், டிரான்ஸ்ஃபார்மர், அல்லது மழை சென்சார். சித்திரை, வைகாசி இடிமழை நாட்களில் பிளக்கைப் பிடுங்கி வைப்பது நல்லது.

கேள்வி: காலை 5 மணிக்கு ஒருமுறைதான் வைத்தேன். ஆனால் 5, 6, 7 என்று மூன்று முறை ஓடுகிறது.
— கன்னங்குறிச்சி வாசகி

பதில்: 'ஸ்டார்ட் டைம்' மூன்று வைத்திருக்கிறீர்கள். வரிசைக்கு ஒரு ஸ்டார்ட் டைம் என்று நினைத்துப் பலரும் இப்படி வைக்கிறார்கள். ஒரே ஒரு ஸ்டார்ட் டைம் கொடுத்தால் டைமர் எல்லா வரிசையையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தானே ஓட்டும். மற்ற இரண்டையும் 'ஆஃப்' செய்யுங்கள். பி, சி புரோகிராம்களில் (டைமரில் உள்ள தனித்தனி நேரப் பட்டியல்கள்) ஏதாவது பதிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கரண்ட் போனால் கடிகாரம் 12:00-க்குத் திரும்பினால் உள்ளே இருக்கும் பேட்டரி தீர்ந்துவிட்டது. ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கேள்வி: எத்தனை நிமிடம் ஓட்டுவது? ஒவ்வொருவரும் ஒன்று சொல்கிறார்கள்.
— அஸ்தம்பட்டி வாசகர்

பதில்: உங்கள் தரையில் அளந்தால்தான் சரியான பதில் வரும். பக்கம் செங்குத்தாக உள்ள, ஒரே அளவு டப்பா பத்து எடுத்து, ஹெட்டுக்கு அருகிலும் நடுவிலும் ஓரத்திலுமாகப் பரப்பி வையுங்கள். 10 நிமிடம் ஓட்டி, ஒவ்வொரு டப்பாவிலும் எத்தனை மில்லிமீட்டர் நிற்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். ஸ்பிரே ஹெட்டில் சராசரி 6 அல்லது 7 வரும். சுழன்று அடிக்கும் மெல்லிய விரல் நாசில் என்றால் 2 மட்டுமே வரும்.

சேலத்துக் கோடையில் புல்லுக்கு நாளைக்கு 5 மில்லிமீட்டர் அளவு வேண்டும். தினமும் மேலாக நனைப்பதை விட ஒரு நாள் விட்டு ஒரு நாள் 10 மில்லிமீட்டர் விட்டால் வேர் கீழே இறங்கும். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் என்றால் 1 லிட்டர். மேலே அழகாபுரம் வாசகியின் 15க்கு 30 அடித் தரை 42 சதுர மீட்டர். ஒரு முறைக்கு 420 லிட்டர். அவரது ஆறு ஹெட் நிமிடத்துக்கு 28 லிட்டர், ஆகவே 15 நிமிடம். அதையும் இரண்டாகப் பிரித்து ஓட்டினால் வழிந்தோடாது. மறுநாள் காலை நீளமான ஒரு ஸ்குரூ டிரைவரைக் குத்திப் பாருங்கள்: 10 சென்டிமீட்டர் வரை எளிதாக இறங்கினால் போதுமான தண்ணீர் போயிருக்கிறது.

டப்பாக்களில் மிகக் குறைந்தது, மிக அதிகமானதில் பாதிகூட இல்லை என்றால் நிமிடத்தைக் கூட்டாதீர்கள். ஒரு ஹெட்டின் தண்ணீர் அடுத்த ஹெட்டின் காலடி வரை விழ வேண்டும் என்பது விதி. எங்கே விழவில்லை என்று பார்த்துச் சரிசெய்யுங்கள். சாய்ந்த ஹெட்டாக இருக்கலாம், வளர்ந்த புல் மறைத்திருக்கலாம்.

நேரம் காலை 4 முதல் 6. அப்போது காற்று இருக்காது. இரவு 8 மணிக்கு விட்டால் இலை விடியவிடிய ஈரமாக நின்று பூஞ்சைக்கு இடம் கொடுக்கும்.

கேள்வி: கார் ஏறி ஒரு ஹெட் உடைந்து, அடியில் குழாயும் விரிசல் விட்டிருக்கிறது. நாமே சரிசெய்ய முடியுமா?
— கொண்டலாம்பட்டி வாசகர்

பதில்: முடியும். சுற்றிலும் ஒரு அடிக்குப் புல்லை வேரோடு பாளமாக வெட்டி ஈரச் சாக்கில் வையுங்கள். மண்ணைப் பக்கெட்டில் அள்ளினால் புல்மேல் சிதறாது. குழாய்க்குக் கீழேயும் நான்கு விரல் ஆழம் தோண்டுங்கள். அடியில் தண்ணீர் ஊறி நின்றால் பசை பிடிக்காது.

விரிசலுக்கு இருபுறமும் இன்னும் 5 சென்டிமீட்டர் தள்ளி நேராக அறுத்து, பிசிறை உப்புத்தாளால் தேய்த்து, காய்ந்த துணியால் துடைத்து, இரண்டு கப்ளிங்கும் துண்டுக் குழாயும் வைத்து இணையுங்கள். புதைந்த குழாயை இருபுறமும் வளைக்க முடியாத இடத்தில் நகரும் ரிப்பேர் கப்ளிங் வாங்கிக்கொள்ளுங்கள். பசையைக் குழாயிலும் கப்ளிங்கிலும் மெல்லியதாகப் பூசி, நுழைத்து, கால் சுற்றுத் திருகி, அரை நிமிடம் பிடித்திருங்கள். பசையை அள்ளிப் பூசினால் உள்ளே கட்டியாகி நாசிலுக்குத்தான் வந்து சேரும். ஒரு நாள் விட்டுத் தண்ணீர் திறங்கள்.

ஹெட்டைக் குழாய்மேல் நேராக நிறுத்தாமல், வளையும் டியூபும் இரண்டு எல்போவும் வைத்துப் பொருத்துங்கள். மறுபடி சக்கரம் ஏறினாலும் டியூப் வளையும், குழாய் உடையாது. மரையில் டெஃப்லான் டேப் ஐந்து சுற்று, மரை முடுக்கும் திசையிலேயே. நாசில் போடும் முன் மண்ணை அலச ஒரு நிமிடம் ஓட்டுங்கள். ஹெட்டின் மேல்விளிம்பு மண் மட்டத்துக்கு வர வேண்டும். உயர்ந்தால் புல் வெட்டும் மெஷின் சீவும், தாழ்ந்தால் மண் உள்ளே வழியும்.

கேள்வி: சுழலும் ரோட்டர் ஹெட் ஒன்று நின்றுவிட்டது. எண்ணெய் விட்டுச் சுற்றினால் ஓடுமா?
— ஓமலூர் வாசகர்

பதில்: எண்ணெய் விடாதீர்கள். ரப்பர் சீல் ஊதிவிடும், மணலும் அதில் ஒட்டிக்கொள்ளும். பலமாகத் திருப்பினால் உள்ளே இருக்கும் சிறு பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்துபோகும். மேல் மூடியைத் திருகி உட்பாகத்தை முழுதாக வெளியே எடுத்து, அடியில் உள்ள சல்லடையைக் கழுவி, கழுத்து வாஷரில் மணல் இருந்தால் துடைத்து மாட்டுங்கள். பிறகு பிரஷர் பாருங்கள். ரோட்டருக்கு 3 கிலோவாவது வேண்டும். அது இருந்தும் சுழலவில்லை என்றால் பல்சக்கரம் போய்விட்டது, உட்பாகத்தை மட்டும் மாற்றுங்கள். வெளிக்கூட்டைத் தோண்டி எடுக்கத் தேவையில்லை.